எத்தனை சுற்று? எத்தனை மிதி?

உங்கள் சைக்கிளின் முன்சக்கரம் ஒரு தடவை முழுதாகச் சுற்றினால் எவ்வளவு தூரம் போகும்? தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறீர்கள். ஆனால் திடீரென்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா?

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் வால்வு நேர் கீழே தரையைப் பார்க்கும்படி சைக்கிளை நிறுத்துங்கள். அந்த இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். இனி சைக்கிளை வளையாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போங்கள். வால்வு மேலே போய்த் திரும்பவும் நேர் கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் சக்கரத்தின் சுற்றளவு. உயரமான பழைய 28 அங்குலச் சக்கரம் என்றால் ஏறத்தாழ 220 சென்டிமீட்டர் வரும். ஒரு சுற்றை அளப்பதைவிடப் பத்துச் சுற்று தள்ளிக்கொண்டு போய், வந்த தூரத்தைப் பத்தால் வகுப்பது நல்லது. கோடு போடும்போது செய்கிற சிறு பிழையும் அப்போது பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்த ஓர் எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அது நமக்குத் துணைக்கு வரும்.

விடியற்காலையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, வளைந்த கைப்பிடி உள்ள சைக்கிளில் விரைந்து போகிறவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியின் நடுவே ஒரு சிறிய திரையோ கைபேசியோ பொருத்தியிருக்கும். இப்போது என்ன வேகம், எவ்வளவு தூரம் வந்தாயிற்று, நிமிடத்துக்கு எத்தனை தடவை மிதிக்கிறோம் என்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரத்திலிருந்து அந்தத் திரைக்கு ஒரு கம்பிகூடப் போகாது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்புப் பொருளும், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டில் அதைப்போலவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவது வேக உணரி. இரண்டாவது மிதி உணரி. இவற்றைச் சென்சார் என்றே கடைகளில் சொல்கிறார்கள்.

வேக உணரி என்று பெயர் இருந்தாலும் அதற்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. இது விளையாட்டுப் பேச்சு அல்ல. அது எண்ண மட்டுமே செய்கிறது. சக்கரம் சுற்றியது, ஒன்று. மறுபடி சுற்றியது, இரண்டு. அவ்வளவுதான். அந்த எண்ணிக்கை தூரமாக மாற வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நீங்கள்தான் கைபேசிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் களங்களில் முன்பு நெல் எப்படி அளந்தார்கள் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்று நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளாக எடை போடுகிறார்கள். அன்று மரக்காலால் அளந்தார்கள். அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார். பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். கவனியுங்கள், அவர் வாய் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. அந்த மரக்கால் எவ்வளவு கொள்ளும் என்பதை அவர் சொல்வதில்லை. மரக்கால் சிறிதாக இருந்தால், எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் வாங்குகிறவருக்கு நஷ்டம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் அளக்க வேண்டும் என்று குறிப்பிட்டே சொல்கின்றன. எண்ணிக்கையோடு அளவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

சைக்கிளில் மரக்கால் என்பது சக்கரத்தின் சுற்றளவு. பந்தய சைக்கிளின் மெல்லிய டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 210 சென்டிமீட்டர். அந்த எண்ணைக் கைபேசியில் பதிந்துவிட்டு, உணரியை உங்கள் 220 சென்டிமீட்டர் சக்கரத்தில் மாட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்குள் உங்கள் சக்கரம் ஏறத்தாழ 5,450 தடவை சுற்றும். உணரி ஒரு சுற்றையும் தவறவிடாமல் எண்ணும். ஆனால் திரை காட்டும் தூரம் 11.45 கிலோமீட்டராக இருக்கும். அரை கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விட்டது! சுற்றளவில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறு நேர்ந்தால்கூடத் திருவையாறு போவதற்குள் அது 54 மீட்டராக வளர்ந்துவிடும். திரையில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் தெரிகிறதே என்று அப்படியே நம்பிவிடக் கூடாது.

சக்கரத்தை உருட்டித் தூரம் அளக்கும் வேலை புதிதல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நம் நாட்டுச் சாலைகளை அளந்த நில அளவையாளர்கள், நீண்ட கைப்பிடியுள்ள ஒற்றைச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அதற்குப் பெராம்புலேட்டர் என்று பெயர். சக்கரம் சுற்றச் சுற்ற, அதனோடு இணைத்த பல்சக்கரங்கள் எண்ணிக்கையைக் காட்டும். துல்லியமாக அளக்க விரும்பியவர்களுக்கு அது போதவில்லை. சேற்றில் சறுக்கும், மேட்டில் ஏறி இறங்கும், வளைந்து போனால் தூரம் கூடிவிடும். வில்லியம் லாம்டன் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்தார். 1808இல் அவர் தஞ்சாவூருக்கு வந்தபோது சங்கடம் ஏற்பட்டது. எங்கும் ஒரே சமவெளி. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஏறிப் பார்க்கக் குன்று கிடையாது. பெரிய கோயில் விமானத்தின்மேல் அந்தக் கனத்த கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதை அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து செப்பனிட்டார் என்பது வேறு கதை.

சைக்கிளுக்கென்று எண்ணும் கருவியைப் பெயர்பெறச் செய்தவர் அமெரிக்காவின் கர்ட்டிஸ் வீடர். 1895இல் அவர் செய்த சைக்ளோமீட்டரில், சக்கரக் கம்பியில் பொருத்திய ஒரு சிறு முளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை கருவியைத் தட்டிவிட்டுப் போகும். 'டக், டக்' என்று அது தட்டும் ஒலி ஓட்டுகிறவர் காதிலும் விழும்.

இந்தத் தட்டலை ஒழித்தது ரீடு சுவிட்ச். பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் எல்வுட் 1936இல் இதை உருவாக்கினார். சிறிய கண்ணாடிக் குழாய்; அதற்குள் நூலளவு இடைவெளி விட்டு இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் இரண்டு தகடுகளும் காந்தமாகி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். காந்தம் விலகினால் பிரிந்துவிடும். ரீடு என்றால் நாணல். நாகசுரத்தின் வாயில் வைத்து ஊதும் சீவாளியையும் ஆங்கிலத்தில் ரீடு என்றுதான் சொல்வார்கள். காவிரிக்கரை நாணலைப் பதப்படுத்திச் செய்யும் சீவாளியின் இரண்டு இதழ்களும் ஊதும்போது ஒட்டிப் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு ரீடு சுவிட்ச். வெகுகாலம் சைக்கிள் வேகமானிகள் இப்படித்தான் இருந்தன. இப்போதும் பல கருவிகளில் இது இருக்கிறது.

காந்தம் இல்லாமல் எண்ணுவது எப்படி?

புதிய உணரிகளுக்குக் காந்தம் வேண்டாம். ஃபோர்க்கில் எதுவும் மாட்ட வேண்டாம். சக்கரத்தோடு சேர்ந்து தானும் சுற்றுகிறது. சுற்றுவதைத் தானே உணர்கிறது. கண்ணைக் கட்டி ராட்டினத்தில் உட்கார வைத்தாலும், தலைகீழாகப் போகும்போது உங்களுக்குத் தெரியும் அல்லவா? புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். மிதி உணரிகள் சிலவற்றுக்குள் இருக்கும் முடுக்கமானிச் சில்லும் அப்படித்தான். கிராங்க் தண்டு கீழே தொங்கும்போது புவியீர்ப்பு தண்டின் நுனிப்பக்கம் இழுக்கிறது. மேலே போனதும் அச்சுப்பக்கம் இழுக்கிறது. ஒரு முழு மிதிக்கு இந்த அளவு ஒரு தடவை கூடிக் குறையும். அந்த அலையை எண்ணினால் மிதியை எண்ணியதாகிவிடும். பள்ளம் மேட்டில் சைக்கிள் குதிக்கும்போதும் அளவு துள்ளும். அந்தத் துள்ளலையும் மிதியாக எண்ணிவிடாமல் வடிகட்டுவது சில்லுக்குள் இருக்கும் கணக்கின் வேலை. வேறு சில உணரிகளில் சுழற்சியை நேரடியாக அளக்கும் சுழல்மானி இருக்கும்.

சில வேக உணரிகள் பூமியின் காந்தப் புலத்தைப் பயன்படுத்துகின்றன. உணரிக்குள் ஒரு மின்னணுத் திசைகாட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றும்போது அதன் முகம் ஒரு சமயம் வடக்கைப் பார்க்கும், பிறகு வானத்தை, பிறகு தெற்கை, பிறகு தரையை. புலத்தின் அளவு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒன்றுக்கு ஒரு சுற்று.

இங்கேதான் நம் ஊருக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், டெல்லியில் அது கிடைமட்டத்திலிருந்து 40 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். இதைக் காந்தச் சரிவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தெற்கே வர வரச் சரிவு குறையும். தென்கோடியில், காந்த நடுக்கோடு செல்லும் இடத்தில், ஊசி படுத்தபடியே இருக்கும். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு, அது காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததே காரணம். தஞ்சாவூரும் அந்தக் கோட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை. இங்கே சரிவு சில பாகைகளே. அதாவது நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக, வடக்கு நோக்கி ஓடுகிறது.

இப்போது யோசியுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சாலை வடக்கே போகிறது. அதில் போனால் சக்கரம் சுற்றும் தளத்திலேயே காந்தப் புலம் கிடக்கிறது. ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். நாகப்பட்டினம் நோக்கிப் போகும் சாலையோ கிழக்கே போகிறது. அதில் போகும்போது சக்கரத்தின் அச்சுத்தான் வடக்கு தெற்காக இருக்கிறது. அச்சு சக்கரத்தோடு திசை மாறுவதில்லை. உணரி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதன் ஒரு பக்கம் எப்போதும் வடக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். புலத்தின் அளவு ஏறாது, இறங்காது. சரிவினால் கிடைக்கும் சிறிய செங்குத்துப் பகுதி மட்டும்தான் மிச்சம். டெல்லியில் கிழக்கே போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே செங்குத்துப் பகுதி பெரிது. காந்தப் புலத்தை மட்டுமே நம்பிய ஓர் உணரிக்குத் தஞ்சாவூரின் கிழக்குச் சாலை கடினமான பரீட்சை. அப்படிப்பட்ட உணரி யாரிடமாவது இருந்தால், வடக்கே ஐந்து கிலோமீட்டர், கிழக்கே ஐந்து கிலோமீட்டர் ஓட்டி இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்றில் வரும் நான்கு எண்கள்

எண்ணியதைத் திரைக்கு அனுப்ப வேண்டும். உணரிக்குள் ஒரு சட்டைப் பொத்தான் அளவுள்ள 3 வோல்ட் மின்கலம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒலிபரப்ப வேண்டும். அதனால் உணரி சிக்கனமாகப் பேசுகிறது. விநாடிக்கு ஒரு தடவை போலக் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு ஓய்வெடுத்துக்கொள்கிறது. சக்கரம் நின்றுவிட்டால் தூங்கியே போகும். அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். கைபேசியில் புளூடூத் என்று பார்க்கிறீர்களே, பெரும்பாலான உணரிகள் பேசும் மொழிகளில் அது ஒன்று.

புளூடூத் முறையில் அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது தெரியுமா? வேகம் இல்லை. தூரமும் இல்லை. சக்கரம் இதுவரை மொத்தம் எத்தனை சுற்று, கடைசிச் சுற்று முடிந்த நேரம், மிதி இதுவரை மொத்தம் எத்தனை, கடைசி மிதி முடிந்த நேரம் ஆகிய நான்கு எண்கள்தான். நேரத்தை விநாடியில் 1,024இல் ஒரு பங்காகக் கணக்கிடுகிறது. அந்தப் பங்கை நாம் 'துடிப்பு' என்று சொல்வோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் செய்தி: சுற்று 1200, நேரம் 20480. அடுத்த செய்தி: சுற்று 1203, நேரம் 22016. நடுவே சக்கரம் 3 தடவை சுற்றியிருக்கிறது. ஆன நேரம் 1536 துடிப்பு, அதாவது ஒன்றரை விநாடி. 3 சுற்றுக்கு 6.6 மீட்டர். 6.6ஐ 1.5ஆல் வகுத்தால் விநாடிக்கு 4.4 மீட்டர். மணிக்கு 15.84 கிலோமீட்டர். கைபேசி செய்வது இந்தக் கழித்தலையும் வகுத்தலையும்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு!

மொத்த எண்ணிக்கையை அனுப்புவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். கைபேசியைப் பின்பக்கப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டினால் சில செய்திகள் வந்து சேராமல் போகலாம். 'இந்த விநாடியில் இரண்டு சுற்று' என்று அனுப்பியிருந்தால், தொலைந்த செய்தியோடு அந்த இரண்டு சுற்றும் தொலைந்திருக்கும். மொத்தத்தை அனுப்புவதால் ஒன்றும் கெடுவதில்லை. அடுத்த செய்தி வந்ததும் கணக்கு நேராகிவிடும். மளிகைக் கடைக்காரர் பாக்கிக் கணக்கில் ஒவ்வொரு தடவையும் மொத்தத்தைக் கீழே எழுதி வைப்பது போல.

சுற்று எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 429 கோடி சுற்றுக்கு மேல் எண்ணலாம். உங்கள் சக்கரத்துக்கு அது 94 லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குப் பன்னிரண்டு தடவை போய்த் திரும்பலாம். நேரத்துக்கோ 16 பிட்தான். 65,536 துடிப்பு ஆனதும், அதாவது 64 விநாடிக்கு ஒரு தடவை, அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அப்படியானால் முந்தைய நேரம் 65000, இப்போதைய நேரம் 1000 என்று செய்தி வந்தால், நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று? எதிர்க்குறி எண் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். 65,536ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

மிதி சொல்லும் கதை

நிமிடத்துக்கு எத்தனை தடவை பெடலை முழுச் சுற்றாகச் சுற்றுகிறோம் என்பதை மிதிவீதம் என்று சொல்லலாம். மிதிவீதத்தையும் வேகத்தையும் இணைப்பது பல்சக்கரங்கள். உங்கள் சைக்கிளில் முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களையும், பின்னால் பிரீவீலின் பற்களையும் எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். 44ஐ 18ஆல் வகுத்தால் 2.44. பெடல் ஒரு தடவை சுற்றினால் பின்சக்கரம் 2.44 தடவை சுற்றும். 220 சென்டிமீட்டரால் பெருக்கினால் ஒரு மிதிக்கு 5.38 மீட்டர். நிமிடத்துக்கு 45 மிதித்தால் மணிக்குப் பதினான்கரை கிலோமீட்டர். 60 மிதித்தால் பத்தொன்பதரைக்குச் சற்றுக் குறைவு.

பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளிலும் சரி, அப்பாவின் பழைய சைக்கிளிலும் சரி, இந்த 2.44 போன்ற எண் ஒன்றே ஒன்றுதான். கியர் மாற்ற முடியாது. ஆகவே இரண்டு உணரிகளையும் மாட்டி, ஒவ்வொரு விநாடியின் மிதிவீதத்தை எக்ஸ் அச்சிலும் வேகத்தை ஒய் அச்சிலும் குறித்தால், மிதிக்கும்போது கிடைக்கும் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்விலிருந்து பற்களின் விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சைக்கிளைப் பார்க்கவே வேண்டாம். மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளும்போது கிடைக்கும் புள்ளிகள் கோட்டுக்கு மேலே போய்விடும்: வேகம் இருக்கும், மிதி இருக்காது. கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியும் வரக்கூடாது. வந்தால் செயின் பல் தாண்டியிருக்க வேண்டும், அல்லது உணரி பொய் சொல்லியிருக்க வேண்டும். கியர் உள்ள சைக்கிளில் ஒரு கோட்டுக்குப் பதிலாக விசிறி மாதிரிப் பல கோடுகள் வரும்.

ஒற்றைப் பல் விகிதம் என்றதும் குறைவாக நினைத்துவிடாதீர்கள். வட்ட ஓடுதளப் பந்தய சைக்கிளிலும் கியர் மாற்ற முடியாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்காக பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னால் 52 பல், பின்னால் 14. இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022இல் சுவிட்சர்லாந்தின் கிரென்சென் நகரில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னால் 65, பின்னால் 14. சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். மெர்க்ஸின் மிதிவீதம் 105 அளவிலும், கன்னாவின் மிதிவீதம் 97 அளவிலும் வரும். அதிக தூரம் போனவர் குறைவாக மிதித்திருக்கிறார்! ஆனால் அவருடைய ஒவ்வொரு மிதியும் கனமான மிதி. மிதி உணரி எண்ணிக்கையைச் சொல்லும். காலின் உழைப்பைச் சொல்லாது.

நம் டெல்டாவில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு நூறு மீட்டர்கூட உயரத்தில் இல்லை. அங்கிருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர்கூட இறக்கம் கிடையாது. நமக்கு மேடு என்றால் பாலம்தான். திருவையாற்றுச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். மிதிவீதத்தை வரைபடமாகப் போட்டால், பாலம் ஏறும் இடத்தில் கோடு தாழும். இறங்கும்போது மிதிப்பதை நிறுத்தினால் பூஜ்யத்தைத் தொடும். ஊர்ப் பெயரில் உள்ள ஐந்து ஆற்றை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். எந்தப் பாலம் செங்குத்தானது என்றும் தெரிந்துவிடும்.

மற்றபடி நமக்குக் காற்றுதான் மலை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் நோக்கி வருகிறவர் அதை எதிர்த்து மிதிக்க வேண்டும். காற்றின் தடை, நமக்கும் காற்றுக்கும் உள்ள ஒப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறவர், 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தில் போனால் அவர் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30. தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. திரும்பிப் போகும்போது காற்றும் அவரும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போவதால் காற்றுத்தடை இல்லவே இல்லை. இரண்டு பயணத்திலும் அவர் விடாப்பிடியாக நிமிடத்துக்கு 46 மிதித்திருந்தால், உணரி இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். ஒன்றில் சட்டை நனைந்திருக்கும்.

இந்த உணரிகள் இரண்டும் வாங்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். எண்ணுவதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஒரு மலிவான கால்குலேட்டரில் 2.2, கூட்டல் குறி, பிறகு = பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 2.2 கூடிக்கொண்டே போனால் அது நமக்குப் பயன்படும். வானொலி பழுதுபார்க்கிறவர் ஒருவர் துணையோடு, = பொத்தானுக்குக் கீழே உள்ள இரு முனைகளிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகளை வெளியே கொண்டுவந்து ஒரு ரீடு சுவிட்சோடு இணையுங்கள். சுவிட்சை ஃபோர்க்கில் கட்டி, சக்கரக் கம்பியில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்துங்கள். காந்தம் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் = அழுத்தியதாக ஆகும். திரையில் தெரிவது மீட்டர்! காந்தத்தை டயர்ப் பக்கம் வைத்தால் அது மின்னல் போலக் கடந்துவிடும். கால்குலேட்டர் கவனிப்பதற்குள் சுவிட்ச் பிரிந்துவிடும். ஹப்புக்கு அருகே வையுங்கள், அங்கே காந்தம் மெதுவாக நகரும். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எண்ணினால் காந்தத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். கம்பிகள் சக்கரத்தில் சிக்காதபடி கட்டுவதும், ஓட்டும்போது திரையைப் பார்க்காமல் சாலையைப் பார்ப்பதும் முக்கியம்.

அதுவும் கைக்கு எட்டவில்லையா? நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. போக்குவரத்துக் குறைந்த காலை வேளையில், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை இடைவிடாமல் மிதித்துப் போங்கள். வலது கால் கீழே போவதை மட்டும் எண்ணுங்கள். 44க்கு 18 என்ற கணக்குப்படி 186 வர வேண்டும். 1,000ஐ நீங்கள் எண்ணியதால் வகுத்தால் ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அடுத்தது, பின் கேரியரில் ஒரு மூட்டை நெல்லை வைத்து எண்ணுங்கள். பாரத்தில் பின்டயர் சற்று அமுங்கிச் சுற்றளவு குறையும். மிதி கூட வேண்டும். சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்தால்கூட ஒரு கிலோமீட்டரில் ஒரு மிதி அளவு வித்தியாசம்கூட வராது. ஐந்து கல் தாண்டினால் நான்கு மிதி வரும். ஆகவே ஐந்து கிலோமீட்டர் எண்ண வேண்டும், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல்.